தொழிற்சாலை பஸ் வந்த முதல் காலை

எங்கள் ரப்பர் தோட்டத்துக்குத் தொழிற்சாலை பஸ் முதன்முதலாக வந்த காலையில், புது வேலை கிடைத்த பெண்கள் காலைப் பெரட்டில் பேர் கொடுக்க நிற்பதுபோல ஆபீஸ் முன்னால் வரிசையாக நின்றார்கள். தினமும் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிட்ட பிறகுதானே வேலைக்கு நகர்ந்து பழக்கம்! நானும் பிறகு அரசாங்க ஆபீஸில் விதிமுறைகளோடு காலமெல்லாம் குடித்தனம் நடத்தினேன். அவ்வளவு ஒழுங்கான வரிசையைப் பார்த்ததில்லை. தோட்டத்தில் ஆள் குறைகிறதே என்ற கோபத்தில் மண்டோர் வீட்டைவிட்டு வரவேயில்லை. கேட்டருகே காத்திருந்த மலாய் டிரைவர், வரிசையைவிட்டு யாரும் வராததால் பஸ்ஸை நகர்த்தினார்.

பால்மரம் சீவுவதிலிருந்து தப்பிக்க அந்த பஸ்ஸைத்தான் வரிசையில் நின்ற என் அக்கா நம்பியிருந்தாள்.

"இன்னிக்கு நான்தான்டி மண்டோர், ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் பஸ்ஸை மறித்தாள்.

"ஏறு லா!" என்று சிரித்தார் டிரைவர்.

முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள், எனக்குக் கையாட்டக்கூட மறந்துவிட்டாள்.