யூகுலேலேக்குப் புதுக் கீ

கூடத்தில் சிந்திக் கிடந்த மரத்தூளைக் கர்ணன் தானே கூட்டிக்கொண்டிருந்தார். ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் எந்த மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் விளக்குமாற்றை அவர் தொட்டதே இல்லை.

"அதிசயமால்ல இருக்கு! மருமகளுக்குப் பயந்துட்டீகளோ?" என்று மனைவி ஜோதிலட்சுமி சிரித்தாள்.

மரத்தூள், மருமகள் யுவராணி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த யூகுலேலேயிலிருந்து உதிர்ந்தது; நான்கு தந்தி போட்ட குட்டிக் கிட்டார் அது. கொஞ்ச நாளாக அதன் தலையில் தந்திகளை முறுக்கும் கீகள் நிற்காமல் சுழல, தந்திகள் தளர்ந்துகொண்டே வந்தன. "கீயில பல்லுச்சக்கரமே இல்ல, எப்படி நிக்கும்?" என்று, அவள் கேட்காமலே கர்ணன் வேலையை ஏற்றுக்கொண்டார். மதுரையில் பெரிய கிட்டார் கீயாகப் பார்த்து வாங்கி, அது நுழைய ஓட்டைகளை டிரில்லால் அகலமாக்கிப் பூட்டினார்.

பூட்டிய பிறகுதான் பழைய கீ ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தார். குமிழின் முனையில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருந்தது. அதை இறுக்கியதும் கீ இம்மியும் அசையவில்லை. செய்ய வேண்டியிருந்த வேலை அவ்வளவுதான். இனி அந்த அகன்ற ஓட்டையில் பழையது நிற்காது. "தெரியாமக் கெடுத்துட்டேன் ஆத்தா" என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார்.

யுவராணி வந்து எடுத்தாள். புதுக் கீகளின் கனத்தில் தலைப்பக்கம் கையிலிருந்து சரிந்தது. நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "நல்லா மின்னுது மாமா" என்றாள். குத்தல் எதுவும் இல்லாமல்தான் அடுத்ததையும் கேட்டாள்.

"பழசுல என்ன மாமா பழுது?"

"சொல்லுங்க, புள்ள கேக்குதுல்ல" என்றாள் ஜோதிலட்சுமி.

கர்ணனுக்குக் காது சுட்டது. பழைய கீகள் கிடந்த சட்டைப்பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இருவரையும் பார்க்காமல் வெளியே போனார்.