வெறுங்கையோடு சாப்பிட வருகிறவள்

என் மனைவி வெரோனிகாவுக்கு இரண்டு பேருக்குச் சமைக்கத் தெரியாது. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் பதினெட்டு வருடம் இருநூறு பேருக்கு ஆக்கிப் போட்ட கை அது. வீட்டில் இருப்பது நானும் அவளும்தான்; ரசம் மட்டும் ஒரு வாளி இருக்கும். கம்பெனியை இழுத்து மூடி மூன்று வருடமாகிறது. அந்தக் கை அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. தனிஸ்லாஸ் ஆகிய நான் எலெக்ட்ரீஷியன். சனிக்கிழமை மட்டும் அவளுக்கு ஸ்கூட்டர் டிரைவர்.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் மாதா கோயில்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, கஷ்டப்படும் குடும்பங்களுக்கு மாதம் ஒரு பை கொடுப்பார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், புளி. எந்தச் சாமி கும்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. வெரோனிகா ஒரு மாதம் கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவர்களோடு சண்டைக்கு நின்றாள்.

"பையக் குடுத்துட்டு வந்துட்டா ஆச்சா? பத்து நாள்ல தீந்துபோவுது. மீதி இருவது நாளு அந்த அடுப்புல என்ன வேவுதுன்னு யாரு பாத்தது?"

"நீயே போய்ப் பாரேன்" என்றார்கள். போனாள். சனிக்கிழமைக்கு ஒரு வீடு. அந்த வீட்டில் இருப்பதை வைத்து, அந்த வீட்டு அடுப்பிலேயே, அந்த வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து சமைப்பாள். காய்கறிக் கடைக்காரர் அறுத்துப் போடும் முள்ளங்கித் தழையில் கூட்டு. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலம் முடிந்தபிறகு மலிவாகத் தள்ளிவிடும் காரப்பொடி மீனில் குழம்பு. ஒரு பிடிப் பருப்பு எத்தனை பேருக்கு வரும் என்பது அவளுக்குக் கைக்கணக்கு.

அவளுக்கு இரண்டு சட்டம். ஒன்று, எதையும் கொண்டுபோகக் கூடாது. இரண்டு, சமைத்ததை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "புள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு வெறுங்கைய வீசிக்கிட்டா போவாங்க? ஒரு பிஸ்கட் பாக்கெட்டாவது வாங்கிக்க" என்றேன்.

"பிஸ்கட்டோட போனா தர்மம் பண்ண வந்தவ. வெறுங்கையோட போயி சாப்ட்டுட்டு வந்தா சொந்தக்காரி" என்றாள். எதற்கும் அவளிடம் ஒரு பதில் இருக்கும். அந்தப் பதில் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தேங்காய்த்திட்டுப் பக்கம் ஒரு சந்தில் அஞ்சலாட்சி என்ற பெண்ணின் பெயர் பை கொடுக்கும் பட்டியலில் புதிதாக வந்தது. அவள் புருஷன் அம்மாவாசை லோடு ஏற்றுகிறவர். லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போய், எட்டு மாதமாகப் பாயில் கிடக்கிறார். இவள் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். தாமரைச்செல்வி என்று பத்து வயதில் ஒரு பெண். வெரோனிகா தெருவில் பார்த்து, "சனிக்கெழம ஒங்க வூட்டுக்குச் சாப்புட வர்றேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சமைப்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

போனோம். இலை போட்டுத் தயாராக இருந்தது. சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், வடை, பாயசம். வெரோனிகா வாசலிலேயே ஒரு நிமிடம் நின்றுவிட்டாள். அஞ்சலாட்சியின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்ததுபோல அப்படி ஒரு மலர்ச்சி. அம்மாவாசை சுவரைப் பிடித்து எழுந்து நின்று, "வாங்க, வாங்க" என்றார். சரி, அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று வெரோனிகாவும் உட்கார்ந்தாள். நான் நன்றாகவே சாப்பிட்டேன். பாயசம் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். இதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை போனபோது கதவில் பூட்டு தொங்கியது. தெருக்குழாயில் தாமரைச்செல்வி குடத்தோடு நின்றாள்.

"அம்மா எங்கம்மா?" என்று வெரோனிகா கேட்டாள்.

"நீங்க வருவீங்கன்னு அப்பாவக் கூட்டிக்கினு தெருக்கோடி வூட்டுக்குப் போயிட்டாங்க. வூட்ல ஒண்ணுமில்ல, எப்புடி ஒக்கார வெக்கறதுன்னு அழுதாங்க."

"ஒண்ணுமில்லன்னா, நீங்க என்ன சாப்டறீங்க?"

"கஞ்சி. அன்னிக்கு நீங்க வந்தீங்கல்ல, பைல இருந்த பருப்பு, எண்ணெ எல்லாத்தையும் போட்டு ஆக்கிட்டோம்." குறை சொல்லும் குரலே இல்லை. விருந்து நடந்த பெருமையில்தான் சொன்னாள்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் மரப்பாலம் தாண்டியதும் என் முதுகில் முகத்தை வைத்து அழுதாள். "அந்தப் புள்ளையோட பத்து நாள் சோத்த நம்ம ரெண்டு பேரும் ஒரே வேளைல தின்னுட்டு வந்துட்டோங்க." எனக்கு அந்த இரண்டாவது டம்ளர் பாயசம் நினைவுக்கு வந்தது. அவ்வளவு வெட்கமாக என் வாழ்நாளில் இருந்ததில்லை.

வெறுங்கையோடு போனால் சொந்தக்காரி என்றாளே, வெறுங்கையோடு வந்தாலும் விருந்தாளி விருந்தாளிதான் என்பதை இந்த மகாராணி மறந்துவிட்டாள். இல்லாத வீட்டில்தான் விருந்தாளிக்கு வடையும் பாயசமும். நம் ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரிய வேண்டாமா? அன்று இதை அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு பையை ஆட்டோவில் அனுப்பிவிடலாம் என்றுதான் சொன்னேன்.

"அனுப்புங்க. அடுத்த தடவ அதையும் நமக்கே வடிச்சுக் கொட்டுவா" என்றாள். "அந்தக் கதவ மறுபடியும் அவளே தொறக்கணும். அதுக்கு நான் விருந்தாளியா போவக் கூடாது."

இரண்டு நாள் யோசித்தாள். திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு என்னைக் கிளப்பினாள். சட்டத்தையும் அன்று அவளே மீறினாள். என் ஸ்கூட்டரில் முன்னால் ஒரு பை அரிசி, ஒரு கூடை காரப்பொடி, முள்ளங்கித் தழை, பின்னால் அவள், அவள் மடியில் காய்ந்த தென்னை மட்டை ஒரு கட்டு. வழியெல்லாம் ஜனங்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

அஞ்சலாட்சி வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் வெளிறியது. வெரோனிகா அவளைப் பேசவே விடவில்லை.

"அஞ்சல, எங்க வூட்ல கேஸ் தீந்துபோச்சுடி. மதியத்துக்கு இந்த மனுஷனுக்குச் சோறு போடணும், பசி தாங்க மாட்டாரு. ஒங்க பின்கட்டு அடுப்புல ஒரு கொழம்பு வெச்சுக்கட்டுமா? மட்டை கொண்டாந்துட்டேன்."

முந்தாநாள்தான் சிலிண்டர் போட்டோம். நான் பசித்தவன்போல நின்றேன்.

அடுப்பைக் கேட்டு வந்தவளை எந்தப் பெண் இல்லையென்பாள்? அஞ்சலாட்சி கதவைத் திறந்துவிட்டாள். அடுப்பு மூட்டினாள். வெரோனிகா மீனைக் கையில் எடுத்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயய்ய, தலையக் கிள்ளிப் போடாதக்கா. அதுலதான் ருசியே. குடு இப்புடி" என்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு மீன் ஆயத் தெரியாதா! இவள் தழையில் கூட்டு வைப்பதை அவள் பார்த்தாள். அவள் புளி கரைப்பதை இவள் பார்த்தாள். கேன்டீன் கை வழக்கம்போல அளவு மீறியது. அன்றைக்கு மட்டும் அது வேண்டுமென்றே மீறியது என்று நினைக்கிறேன். பாதியை அங்கேயே வைத்துவிட்டு, எங்கள் பங்கைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு கிளம்பினோம்.

வீட்டுக்கு வந்ததும், "இப்புடிப் பொய் சொல்றியே, பாவமில்லையா?" என்றேன்.

"பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஒங்களுக்கென்ன, சாப்புடுங்க" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமையும் எங்களுக்குக் கேஸ் தீர்ந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமையும் தீர்ந்தது. மூன்றாவது வாரம் அடுப்பில் அஞ்சலாட்சியின் பானையும் சேர்ந்து ஏறியது. அவளே துறைமுகத்தில் வாங்கிய மீன், அவளே கடையில் கேட்டு எடுத்த தழை. அந்த மாதப் பை இருபத்தாறாம் தேதிவரை வந்தது. வெரோனிகா இதை என்னிடம் நான்கு தடவை சொன்னாள்.

ஐந்தாவது வாரம் வெரோனிகாவுக்குக் காய்ச்சல். தகவல் சொல்லிவிட்டு வரலாம் என்று நான் மட்டும் போனேன். அஞ்சலாட்சி அடுப்பைப் பற்றவைத்துக் காத்திருந்தாள். "அக்கா எங்க?" என்றாள். சொன்னேன். உள்ளே போய், இரண்டு பேருக்கு ரசமும் சோறும் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? ஒங்க வூட்டு சிலிண்டரு திங்கக்கெழம திங்கக்கெழமதான் தீருமா?"

எனக்கு வேர்த்துவிட்டது. வாய்க்கு வந்த எதையோ உளறினேன். அவள் சிரித்தாள், கண் மட்டும் கலங்கியிருந்தது.

"அக்காவுக்கு ஒடம்பு தேறினதும் வரச் சொல்லுங்கண்ணே. கேஸ் இருந்தாலும் வரச் சொல்லுங்க."