ஒரு கட்டம் மட்டும்

சதுரங்கம் ஆட உட்கார்ந்தால் அண்ணன் முதலில் தன் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும்தான் தள்ளுவார். இரண்டு கட்டம் போகலாம், போகமாட்டார். அதனால் மூலைவாட்டில் போகிற மந்திரி ஒன்று சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே அடைபட்டுக் கிடக்கும். இதை இருபது வருடமாகச் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். ஆட்டமும் எனக்கு அப்படிப் பார்த்து வந்ததுதான்.

அண்ணன் ஒன்பது மாடி அலுவலகம் ஒன்றில் லிப்ட் இயக்குகிறார். ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் சின்ன மின்விசிறி. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்ததும் கழுத்தை நீட்டி வெளியே பார்ப்பார். மூடுவதற்குள் இழுத்துக்கொள்வார்.

ஒரு வருடம் நகரப் போட்டியில் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டார். ஜெயித்தால் துறைமுக அலுவலகம் தன் அணிக்காக அவரை எடுத்துக்கொள்ளும். எழுத்தர் வேலை, ஜன்னலோர மேஜை. அண்ணி அந்த ஜன்னலுக்குத் திரைச்சீலை நிறம்கூட முடிவு செய்துவிட்டார்.

எதிரே ஒரு கணக்கு வாத்தியார். நான் சாப்பாட்டுப் பையோடு தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அண்ணன் தன் யானையை முன்னே வைத்தார், பின்னே இழுத்தார், மறுபடி முன்னே வைத்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த முதல் சிப்பாயை இன்னும் ஒரு கட்டம் தள்ளினால் போதும். அது வெட்டுப்பட்டாலும் மந்திரிக்கு வழி திறக்கும். வழியின் நுனியில் வாத்தியாரின் யானை ஒதுங்க இடமில்லாமல் நின்றது.

பார்க்கிறவர்கள் வாய் திறக்கக் கூடாது. பையின் காதைத் திருகிக்கொண்டே நின்றேன். அண்ணன் யானையை மறுபடி பின்னே இழுத்தார்.

“மூணாவது தடவையா இதே நிலை. டிராதானே சார்?” என்றார் வாத்தியார்.

அண்ணன் கை கொடுத்தார். டிராவுக்கு அரைப் புள்ளிதான்; மீதி அரைப் புள்ளியில் வேலை போனது.

“நாள் பூரா லிப்டுல இருக்கிற மனுசனுக்கு வெளிய வர பட்டன் எதுன்னு தெரியலையாக்கும்!” என்றார் அண்ணி, வீட்டில்.

அண்ணன் சிரித்தார். பிறகு பலகையை எடுத்து என் முன்னால் அதே நிலையில் காய்களை அடுக்கினார். “நீயே பாரும்மா, எங்கயும் வழி இல்ல. அதான் டிரா. வழி இருந்து நான் விட்டிருந்தேன்னா, என்னால தாங்க முடியாது.”

என் விரல் அதற்குள் அந்தச் சிப்பாயைத் தொட்டிருந்தது.

“தூசிண்ணா,” என்று துடைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

இப்போது அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. அதே லிப்ட்தான். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அந்த ஆட்டத்தை அடுக்கிவைத்து, வழி இல்லை என்று சரிபார்த்துக்கொள்கிறார். நான் பக்கத்தில் பட்டன் தைக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.