அவனா, அவளா, கடவுளா

போன கிழமை புரோசார்ட் புறநகர்க் கடையொன்றில் குங்குமப்பூச் சிமிழைத் திறந்து மணந்து பார்த்தேன். உடனே பெஹ்ரூஸ் மேல் எரிச்சல் வந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் அந்த எரிச்சல் பழுதாகாமல் இருந்தது எனக்கே வியப்பு.

டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலையில் எனக்குப் பக்கத்தில் நின்ற ஈரான்காரன் அவன். நல்ல குரல். நான் யாழ்ப்பாணத்தில் வயலின் படித்தவன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். தன் நாட்டுப் பழைய ஞானி ஒருவரின் காதல் பாட்டுக்கு மெட்டுப் போடவேண்டும் என்று, ஞாயிறுதோறும் குங்குமப்பூத் தேநீரோடு பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினான்.

"அந்த மனிசன் வந்திட்டார், அரிசி கூடப் போடுறன்" என்பாள் மனைவி குசினிக்குள் இருந்து. அவனுக்காகக் காரத்தையும் குறைத்தாள். எனக்காக ஒருநாளும் குறைத்ததில்லை.

பாட்டு பிரிவைப் பற்றியது. யாரைப் பிரிந்தது என்று உடைந்த பிரெஞ்சில் கேட்டேன். பாரசீக மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்லாம். ஆணா, பெண்ணா, கடவுளா என்றால் மூன்றுக்கும் தலையாட்டுவான். கடவுளைக் காதலிப்பது எங்களுக்கும் புதிதல்ல; ஆனால் இப்படிக் குழப்பமாட்டோம்.

வயலினில் நான் சுரத்தை அசைத்தால், "ஏன் நடுங்குது? காதலன் குளிருக்குள்ள நிக்கேல்லை" என்கிற மாதிரி ஏதோ சொல்வான். அசைக்காவிட்டால் உயிரில்லை என்பான். பனிக்காலம் முழுக்க இரண்டே அடிகளில் போனது.

ஒரு ஞாயிறு, "மஹினுக்கு இன்னும் விசா வரவில்லை" என்றான், தேநீரைக் கலக்கியபடி. மஹின் அவன் மனைவி. நான் அன்றைக்குச் சண்டை பிடிக்கவில்லை. அன்றைக்குத்தான் மெட்டு விழுந்தது. என் மனைவி அகப்பையோடு வந்து வாசலில் நின்று கேட்டாள்.

வசந்தத்தில் ஈரான்காரரின் மண்டபத்தில் கச்சேரி. அதற்கு முதல் கிழமை மஹின் வந்து இறங்கிவிட்டாள். மேடையில் அவன் மஹின் இருந்த முன்வரிசையையே பார்த்தான். துயரத்தில் இழுக்கவேண்டிய இடத்தில் பல் தெரியச் சிரித்தான், பாட்டை விரட்டிக்கொண்டு ஓடினான். வயலினோடு நான் பின்னால் ஓடினேன். மெட்டு செத்துவிட்டது. மஹின் அழுதுகொண்டே கைதட்டினாள்.

வீடு திரும்பும்போது மெட்ரோவில் நான் பொரிந்து தள்ளினேன். "மனிசி வந்தாப் பிறகு அவர் என்னெண்டு அழுறது? பேசாமல் வாங்கோ" என்றாள் மனைவி.

பெஹ்ரூஸும் மஹினும் பிறகு வேறு நகரத்துக்குப் போய்விட்டார்கள். நேற்று அவனைத் தொலைபேசியில் அழைத்து அந்த மெட்டைப் பற்றிக் கேட்டேன். "எந்த மெட்டு?" என்றான். முதலடியை முனகிக் காட்டினேன். இரண்டாம் அடி எங்கள் இரண்டு பேரிடமும் இல்லை.