கொப்புளம் வாசித்த பாட்டு

போன வாரம் வேங்கிக்காலில் ஒரு தனியார் பஸ் ஏறினேன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் முகவரி மாற்றுகிற வேலை. எந்த முகவரி என்று கேட்காதீர்கள்... நாலு வருஷத்தில் ஆறு அறை மாறியவன் நான்.

பஸ்ஸில் ஒரு சினிமாப் பாட்டு ஓடியது. கண்டக்டர் தோல்பையில் தாளம் போட்டார், தவறினார். மறுபடி போட்டார், மறுபடி தவறினார்.

“இன்னாங்க இது, நாலாவது அடி மட்டும் கைக்குச் சிக்க மாட்டேங்குது?”

“உங்க மேல தப்பில்லீங்க. வாசிச்சவரு கால்ல கொப்புளம்” என்றேன்.

என் தாடியைப் பார்த்தார். திருவண்ணாமலையில் தாடிக்காரன் எதைச் சொன்னாலும் உள்ளர்த்தம் தேடுவார்கள். கும்பிடு போட்டுவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

உள்ளர்த்தமெல்லாம் இல்லை. நிஜமாகவே கொப்புளம்தான்!

போன வருஷம் சித்திரையில் சென்னையிலிருந்து ‘தகரக்கூரை’ என்று ஒரு ராக் பேண்ட் ஒரு படத்துக்கு இசை போட வந்து, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் வீடு எடுத்தது. ஒரு பெண் மலையைச் சுற்றி நடப்பதுதான் படம். வசனம் ரொம்பக் கம்மி. அதனால் படத்துக்கான இசை முழுவதையும் எட்டுப் பாட்டுள்ள ஒரே ஆல்பமாகச் செய்யச் சொல்லியிருந்தார் இயக்குநர் சுதா. படத்தைச் சுவரில் ஓடவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். நான் அங்கே சமையல். மூன்று வேளைச் சோறும் படுக்க இடமும் கிடைத்தால் எட்டாங்கிளாஸ் படித்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

அவர்களுடைய டிரம்மர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டதால் உள்ளூர் அன்வர் பாயைப் பிடித்திருந்தார்கள். நாற்பத்தெட்டு வயது. வார நாளில் மெத்தைக் கடை, முகூர்த்த நாளில் கல்யாணக் கச்சேரி. வெளிச்சத்தம் உள்ளே வராமல் ஜன்னல்களில் சாத்தியிருந்த மெத்தைகளும் அவர் கடையுடையவைதான். பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கக் கூடாது என்பது கண்டிஷன்.

ஏழு பாட்டு முடிந்தது. எட்டாவது, நாயகி உச்சி வெயிலில் வெறுங்காலோடு நடக்கிற காட்சி. அது மட்டும் உட்காரவே இல்லை.

“பாட்டு நல்லாத்தான் ஓடுது. ஆனா அவ நடக்கல” என்றார் சுதா.

பாடகன் விமல் வேகத்தைக் குறைத்தான். சாவு வீடு மாதிரி ஆனது. கூட்டினான். நாயகி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது மாதிரி இருந்தது.

மூன்று நாள் இப்படி. வெள்ளிக்கிழமை காலை தயாரிப்பாளர் போன் செய்தார். சனிக்கிழமைக்குள் எட்டாவது பாட்டு வராவிட்டால் மொத்தப் படத்தையும் வேறு இசையமைப்பாளரிடம் கொடுத்துவிடுவாராம். முடிந்த ஏழும் போச்சு.

அன்வர் பாய் என்னிடம் மோர் வாங்க வந்தவர் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“சாமி, சினிமால பேரு வருதுன்னு தெருவுக்கே சொல்லி வெச்சிட்டேன். இருபத்தஞ்சு வருஷமா கொட்டறேன். கல்யாண வீட்ல எவனாவது டிரம்மர் பேரு கேட்டிருக்கானா? ‘சத்தம் ஜாஸ்தி, கொஞ்சம் கம்மி பண்ணு’ன்னுதான் கேட்டிருக்கான்.”

இன்னொரு டம்ளர் மோர் ஊற்றினேன்.

மற்றவர்களுக்கும் மோர் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். பாயும் பின்னால் வந்தார். சுவரில் அந்தக் காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். வாய்தான் சும்மா இருக்காதே.

“அந்தம்மா கோட்டைத் தேடிப் போவுது, நீங்க ஒரே சீரா கொட்டறீங்களே...”

எல்லோரும் திரும்பினார்கள். “எந்தக் கோடு?” என்றான் விமல்.

ரோட்டோரம் போட்டிருக்கிற வெள்ளைக் கோடுதான் என்று விளக்கினேன். வெயிலில் தார் கொதிக்கும். வெள்ளைக் கோட்டில் சூடு கொஞ்சம் குறைச்சல். பகலில் வெறுங்காலோடு கிரிவலம் போகிறவர்கள் தாரில் மூன்று எட்டு விறுவிறுவென்று வைப்பார்கள், கோட்டில் ஏறியதும் ஒரு எட்டு நிதானமாக. எதிரே ஆள் வந்தால் மறுபடி தாரில் இறங்குவார்கள். ஒரு கோடை முழுக்கச் செருப்பில்லாமல் அலைந்திருக்கிறேன். வேண்டுதல் இல்லை, தொலைந்த செருப்புக்குப் பதில் வாங்க வழியில்லை. அதனால் தெரியும். அந்த வீட்டில் அத்தனை பேரும் மூன்று நாளாக நாயகியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாதத்தைப் பார்த்தேன். பெரிய ஞானம் ஒன்றும் இல்லை, பட்ட இடத்தில்தானே கண் போகும்?

அன்வர் பாய் ஷூவைக் கழற்றினார்.

“பாய், மணி பன்னண்டரை” என்றேன்.

“அந்தம்மாவும் பன்னண்டரைக்குத்தானே நடக்குது?”

வாயு லிங்கம் வரை போய்த் திரும்பினோம். நான் செருப்போடு. வெட்கமாக இருந்தது, ஆனால் கழற்றவில்லை. அவர் தாரில் மூன்று எட்டு ஓடினார், கோட்டில் ஒரு மூச்சு விட்டார். தொடையில் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டே வந்தன.

இளநீர்க்காரர் கூப்பிட்டார். “இன்னா பாய், நீங்களும் வேண்டுதலா?”

“ஆமாப்பா. டைட்டில்ல பேர் வரணும்!”

வீட்டுக்கு வந்து வாளித் தண்ணீரில் காலை வைத்தார். இரண்டு பாதத்திலும் கொப்புளம். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது... டிரம்ஸில் பெரிய டிரம்மை அடிப்பது கையல்ல, கால்! பெடலை மிதித்தால்தான் அது பேசும்.

“விடுங்க பாய், அந்தச் சத்தத்த மட்டும் கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம்” என்றான் விமல்.

“அப்ப கம்ப்யூட்டர் பேரையே போட்டுக்க. நவுறு.”

மனிதர் உட்கார்ந்தார். சுவரில் படம் ஓடியது. கையால் மூன்று அடி வேகமாக விழுந்தது. நாலாவதுக்குக் கால் தயங்கித் தயங்கி இறங்கி, பட்டதும் துள்ளி எழுந்தது. அவர் தாளம் போடவில்லை, வலிக்கு ஒதுங்கினார். சுவரில் நாயகியும் அதேபோல ஒதுங்கிக்கொண்டிருந்தாள். விமல் கிட்டாரை அதன் பின்னால் மெதுவாகக் கூட்டிப்போனான். பாதிப் பாட்டில் அன்வர் பாய் “யம்மா!” என்று கத்திவிட்டார். யாரும் நிறுத்தவில்லை.

முடிந்ததும் சுதா சுவரில் ஓடிய படத்தை நிறுத்தினார். பிறகு, “பாய், இப்ப நடக்கறா” என்றார்.

அந்த “யம்மா” ஆல்பத்தில் இன்னும் இருக்கிறது. அது பக்தியா, தாய்ப்பாசமா என்று யூடியூபில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் தலையிடவில்லை.

போன மாதம் படம் வந்தது. பாய் தெருவையே தியேட்டருக்குக் கூட்டிவந்தார், என்னையும் சேர்த்து. பெயர்கள் படத்தின் கடைசியில்தான் வரும் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கடைசிக் காட்சி முடிந்ததும் ஜனம் எழுந்தது. பாய் வாசலில் கையை விரித்து மறித்துக்கொண்டார்.

“உக்காருங்கய்யா! ஒரு நிமிஷம்! பிரியாணி போடறேன், உக்காருங்க!”

உட்கார்ந்தார்கள். பெயர்கள் மேலே போயின. ‘டிரம்ஸ்: அன்வர் பாஷா.’ இரண்டே விநாடி. தெருவே விசிலடித்தது. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியைத் தேடினார்.

அந்தம்மா சீட்டுக்கு அடியில் குனிந்திருந்தார்கள்.

“பாத்தியா?”

“எதை? ஒத்தச் செருப்பக் காணோங்க. தேடிட்டிருந்தேன்.”

பாய் நேரே கவுண்டருக்குப் போய் அடுத்த ஷோவுக்கு இரண்டு டிக்கெட் வாங்கிவந்து மனைவி கையில் ஒன்றைக் கொடுத்தார்.

“இந்தத் தடவ செருப்பக் கழட்டாம உக்காரு.”