மோடத்தில் கட்டிய எலுமிச்சம்பழம்

பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்ற நானும் நண்பனும் ஒரு மென்பொருள் செய்து, மூல நிரலோடு இணையதளத்தில் இலவசமாக வைத்திருந்தோம். எனக்குச் சிவகாசியில் அச்சக வேலை. அவன் தாயில்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனியில் கணக்கெழுதினான்.

ஒருநாள் எங்கள் தளம் தேடுபொறியின் முதல் பக்கத்திலிருந்து காணாமல் போனது. எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்று முடிவுகட்டி, மோடத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினேன். அச்சகமே வந்து வேடிக்கை பார்த்தது.

காரணத்தை நண்பன்தான் கண்டுபிடித்தான். எங்கள் தளத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்த பெரிய தளங்கள், விளம்பரக் குப்பைக்குப் பயந்து, வெளி இணைப்புகளில் எல்லாம் 'பின்தொடராதே' என்று ஒரு குறிப்பைச் சேர்த்துவிட்டன. வாசகர் கண்ணுக்கு அது தெரியாது. தேடுபொறி மட்டும் அதைப் படித்து, தளங்களை வரிசைப்படுத்தும்போது அந்த இணைப்பைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும்.

"கல்யாணப் பத்திரிகையில பேரைப் போட்டுட்டு, பந்திக்கு வராதேன்னு சொல்ற கதைதாம்லே" என்று சிரித்தான்.

"இனி நம்மள எவம்லே தேடுவான்?" என்று அலறினேன்.

"பதறாதலே. பெரிய பத்திரிகை ஒண்ணு அந்தக் குறிப்பு இல்லாம இணைப்புக் கொடுத்தாப் போதும், மேல வந்துருவோம்."

தீபாவளி சீசனில் அவனுடைய கம்பெனி வெடித்தது. இறந்தவர்களில் அவனும் ஒருவன். ஒரு பெரிய பத்திரிகையின் இணையச் செய்தி, இலவச மென்பொருள் செய்தவர் என்று அவனைப் பற்றி நாலு வரி எழுதி, எங்கள் தளத்துக்கு இணைப்பும் கொடுத்திருந்தது. அழுதுகொண்டே அந்தப் பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தேன். என் புத்தி அப்படி. 'பின்தொடராதே' இல்லை.

சில வாரங்களில் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டோம். மோடத்தில் காய்ந்து தொங்கிய எலுமிச்சம்பழத்தை அறுத்து எறிந்தேன்.