மஞ்சள் நூல் கட்டிய கூடைகள்

ஆண்டியப்பன் கங்காணி மேல்ரோட்டில் நின்று கீழே பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த வழியே போய்விடுவார். காளியாயிக்கு அதுதான் பயம். வைதால்கூடத் தேவலை என்றிருக்கும்.

புருஷன் மூக்கன் செத்த வருஷமே, தேயிலைக் கொழுந்து மலையில் சறுக்கி விழுந்து அவள் கால் கோணிப்போனது. தோட்டத்து வேலைக்காரர் பட்டியலில் அவள் பேரை வெட்டிவிட்டார்கள். பேர் இல்லாதவளுக்குத் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கக் காம்பரா கிடையாது. பூண்டுலோயா ரோட்டுக்குக் கீழே ஆற்றை ஒட்டி அட்டை மொய்க்கும் சதுப்பு ஒன்று சும்மா கிடந்தது. தோட்டத்துக்குச் சேராத, கங்காணியின் சொந்தக் காணி. அவள் யாரையும் கேட்கவில்லை. கான் வெட்டித் தண்ணீரை வடித்தாள். நாலு தகரத்தைச் சாய்த்துக் குடிசை போட்டாள். பீன்ஸும் லீக்ஸும் வைத்தாள். அது ஐம்பத்தோராம் வருஷம். அந்தக் காணியை விட்டால் அவளுக்குப் போக வேறு இடமில்லை.

காய்களைப் பூண்டுலோயா கடைவீதியில் ஹமீத் முதலாளிதான் வாங்குவார். அறுபத்தொன்றின் கடைசியில் ஒருநாள், காயை நிறுத்துக்கொண்டே அவர் கேட்டார்.

"அக்கா, அந்த எடத்துல ஒக்காந்து பத்து வருசம் இருக்குமா?"

"மேலயே இருக்கும் மொதலாளி. ஏன்?"

"எங்க மச்சான் ஒரு காணி வழக்குக்கு அலைஞ்சப்ப, வழக்குப் பேசுன புரொக்டர் சொன்னாரு. சொந்தக்காரன் உத்தரவு கேக்காம, அவனுக்கு எதுவும் குடுக்காம, பத்து வருசம் நம்ம காணி மாதிரியே ஆண்டுக்கிட்டிருந்தா, கோட்டுல கேட்டு நம்ம பேருக்கே ஆக்கிக்கலாமாம்."

காளியாயி சிரித்தே விட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"எதுவும் குடுக்காமன்னா?"

"குத்தகை, வெள்ளாமையில பங்கு, எதுவும்தான். குடுத்தா, அவன்தான் சொந்தக்காரன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி."

வருஷாவருஷம் தைப்பொங்கலன்று, முதல் பறியைப் புதுக் கூடையில் வைத்து, விளிம்பில் மஞ்சள் நூல் கட்டி, கங்காணி வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் அவள் வாயில் காய் வைப்பாள். அவர் கேட்டதில்லை. லயத்து வாசலில் நாலு செடி போட்டவர்களும் அப்படித்தான் செய்தார்கள். கங்காணி பெண்சாதி காயோடு கூடையையும் உள்ளே கொண்டுபோவாள். அந்தக் கூடையைத் திருப்பிக் கேட்கிற வழக்கமில்லை.

"யாராச்சும் பாத்தாங்களா?" அவள் அதைச் சொன்னதும் ஹமீத் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தம்மா மட்டுந்தான்."

"அப்ப வர்ற பொங்கலுக்குக் குடுக்காதீங்க. வாயையும் தொறக்காதீங்க. நான் புரொக்டரப் பாக்குறேன்."

பொங்கல் வந்தது. கூடையை முடைந்து வைத்திருந்தாள், கை பழக்கம். அதைக் குடிசைக்குள் கவிழ்த்துப் போட்டாள். பறிக்காத காய்கள் பனியில் நனைந்து தொங்கின. பொங்கல் இறங்கினபோது மேல்ரோட்டில் குடை தெரிந்தது. இந்தத் தடவை அது திரும்பிப் போகவில்லை. படி படியாகக் கீழே இறங்கியது. பின்னால் ஊர் விதானை, அரசாங்க அதிகாரி. அவருக்குப் பின்னால் கங்காணியின் ஆள் செல்லசாமி, தோளில் ஒரு சாக்கு.

"என்னா காளியாயி, பொங்கிட்டியா?"

"ஆமாங்கய்யா."

"மவராசி. எங்க வீட்டுக்குத்தான் வழி மறந்துபோச்சாக்கும்."

கங்காணி தலையை அசைத்தார். செல்லசாமி சாக்கைக் கவிழ்த்தான்.

கூடைகள் உருண்டன. ஒன்றுகூட ஒருநாளும் புழங்கப்படவில்லை. கங்காணி வீட்டு அடுப்புக்கு மேலே பரணில் தொங்கித் தொங்கிக் கறுத்திருந்தன. விளிம்புகளில் புகையேறிய நூல்.

இத்தனை காலமும் அந்த மனுஷர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சிங்களவரான விதானை, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"இது நீ செஞ்ச கூடையா?"

இல்லை என்று சொல்லலாம். மூங்கில் எல்லார் கைக்கும் வளையும். ஹமீத் முதலாளி சொன்னதும் நினைவில் இருந்தது. ஆனால் காலடியில் கிடந்த ஒரு கூடை கோணலாக இருந்தது. மூக்கன் செத்த துக்கம் ஆறுமுன் முடைந்த முதல் கூடை. ஒவ்வொரு நூலையும் மஞ்சளில் நனைத்து, மாரியாயி பேரைச் சொல்லி முடிந்தவள் அவள். அதை இல்லையென்றால் அந்தப் பேரையும் இல்லையென்ற மாதிரி ஆகிவிடும்.

"நான் கட்டுன நூலுதாங்க" என்றாள்.

"கேட்டீங்கல்ல?" கங்காணி விதானையைப் பார்த்தார். "நான் போனாப்போவுதுன்னு விட்டு வச்சேன். அவளும் மரியாத தெரிஞ்சு கொண்டாந்து வச்சா." பிறகு இவள் பக்கம் திரும்பினார். குரல் இதமாக இருந்தது. "பயப்படாத. காய்ப்பு முடியிற வரைக்கும் இரு. பூவும் பிஞ்சுமா நிக்கையில வெரட்டுனா பாவம். செல்லசாமி, கூடையெல்லாம் பத்தரமா அள்ளு. கோட்டுக்குக் கேட்டா வேணும்."

அவர்கள் ஏறிப் போனார்கள். சோறு பானையில் ஆறிக் கிடந்தது. ஹமீத் முதலாளியிடம் எந்த முகத்தோடு போவது என்று நினைத்தபடி அவள் செடிகளைப் பார்த்தாள். பீன்ஸ் கொடி நெடுக வெள்ளைப் பூ. முற்றவிட்டால் கொடி காய்ந்துவிடும். பிஞ்சாகக் கிள்ளிக்கொண்டே இருந்தால் பூத்துக்கொண்டே இருக்கும்; காய்ப்பு முடியாது.

மறுநாள் விடிந்ததும் காளியாயி பாத்திக்குள் இறங்கினாள். விரற்கடை நீளம்கூட வளராத பிஞ்சுகளைக் கிள்ளிக் கிள்ளி மடியில் போட்டாள். கடைக்கு ஆகாத காய். அதற்கு அடுத்த நாளும் கிள்ளினாள். அதற்கு அடுத்த நாளும்.

நாலாம் நாள் நிமிர்ந்தபோது, மேல்ரோட்டில் கங்காணி நின்றிருந்தார். வெகுநேரம் அவள் கையையே பார்த்தார். பிறகு குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படியில் காலை வைத்தார்.